போஸ்டர் அடிக்க முதல்: வன்னியில் ஒரு சுகாதாரச் செய்தியைச் சோதித்து வெளியிடுவது எப்படி

சுகாதார விழிப்புணர்வு என்று யாராவது பேச்செடுத்ததும் எங்கள் பக்கத்தில் முதலில் நடப்பது அச்சகத்துக்கு போன் போட்டு ஆயிரம் போஸ்டருக்கு என்ன விலை என்று கேட்பதுதான். பிறகு ஒரு பனர், பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம், ரோல்ஸும் தேத்தண்ணியும், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. காசும் முடிந்துவிடும், அறிக்கையும் போய்விடும். அந்தப் போஸ்டரைப் பார்த்து யாராவது எதையாவது மாற்றிச் செய்தார்களா என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது.

எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் இருப்பவர்கள், தொண்டு நிறுவனங்களில் களவேலை பார்ப்பவர்கள், மாதர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ ஏதாவது செய்வோம் என்று நினைப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய காசு தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு போன், போட்டோகொப்பி எடுக்கக் கொஞ்சப் பணம், அப்புறம் மூன்று நான்கு கிழமைப் பொறுமை இருந்தால் சரி.

உதாரணத்துக்கு எலிக்காய்ச்சலை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதோடேயே போகிறேன். காலபோகம் தொடங்கினால் இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று எந்தக் குளத்துக்குக் கீழே போனாலும் சனம் சேற்றில்தான் நிற்கும். எலியும் மாடும் எருமையும் சலம் விட்ட தண்ணீரில் இருக்கும் கிருமி, காலில் உள்ள சின்னக் கீறலுக்குள்ளால் உடம்புக்குள் போய்விடும். 2008இல் இலங்கை முழுவதும் 7,000க்கு மேற்பட்டவர்களுக்கு இந்தக் காய்ச்சல் என்று பதிவானது, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சலில் அடுத்தடுத்துச் சிலர் இறந்து, பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியானது பலருக்கும் நினைவிருக்கும்.

முறையைப் பற்றி முதலில் கொஞ்சம்

இந்த முறைக்குச் சமூகச் சந்தைப்படுத்தல் என்று பெயர். அதைக் கேட்டதும் பேஸ்புக்கில் விளம்பரம் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஒரு கம்பனி தன் பொருளை விற்க என்னென்ன யோசிக்குமோ, அதையெல்லாம் சனத்துக்கு நன்மை தரும் ஒரு பழக்கத்துக்காக யோசிப்பதுதான் இது. சவர்க்காரம் விற்பதுபோல சகோதரத்துவத்தை விற்க முடியாதா என்று 1950களின் தொடக்கத்தில் வீபே என்ற அமெரிக்க ஆய்வாளர் கேட்டார். பிலிப் கொட்லரும் ஜெரால்ட் சால்ட்மனும் 1971இல் எழுதிய கட்டுரையில் அதற்கு ஒரு முறையும் பெயரும் கொடுத்தார்கள். இலங்கையும் இதில் பிந்தவில்லை. குடும்பத் திட்டச் சங்கத்தோடு சேர்ந்து 1973இல் 'பிரீத்தி' என்ற பெயரில் ஆணுறை சந்தைக்கு வந்து, மருந்துக்கடையைத் தாண்டிச் சாதாரணக் கடைகள் வரைக்கும் போனது. கூச்சப்படும் ஒரு சாமானைக் கூச்சப்படாமல் வாங்கக்கூடிய பெயரில், கைக்கெட்டிய விலையில், கைக்கெட்டிய தூரத்தில் வைத்தார்கள். முழு முறையும் அதற்குள் இருக்கிறது: என்ன கொடுக்கிறோம், அதற்கு ஆள் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, எங்கே கிடைக்கிறது, கடைசியாகத்தான் எப்படிச் சொல்கிறோம். நாங்கள் வழக்கமாக நாலாவதில் தொடங்கி நாலாவதிலேயே முடித்துவிடுகிறோம்.

1. ஒரே ஒரு செயலைத் தெரிவு செய்யுங்கள்

"எலிக்காய்ச்சலை ஒழிப்போம்" என்பது ஒரு செயல் இல்லை. அதைக் கேட்டவர் நாளைக் காலை எழும்பி எதைச் செய்வது? செய்யக்கூடியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: காலுக்குப் பூட்ஸ் போடுவது, புண்ணை மூடிக் கட்டுவது, முற்காப்புக் குளிசை எடுப்பது, காய்ச்சல் வந்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போவது. ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு கேள்வி: இதைச் செய்தால் நோய் எவ்வளவு குறையும்? எங்கள் சனம் இதைச் செய்யுமா? பூட்ஸ் நல்ல யோசனைதான், ஆனால் சேற்று வயலில் பூட்ஸோடு பத்து அடி நடந்து பார்த்தவருக்குத் தெரியும், கால் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நிற்கும்.

குளிசையை எடுத்துக்கொள்வோம். டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, கிழமைக்கு ஒருநாள். வயல் வேலை தொடங்க முன்னரே ஆரம்பித்து, சேற்றில் இறங்கும் காலம் முழுக்க எடுக்க வேண்டும். 1984இல் வெளியான ஒரு ஆய்வில், பனாமாவில் காட்டுப் பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படையினரைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது, டொக்சிசைக்கிளின் எடுத்தவர்களில் ஒருவருக்குத்தான் வந்தது. இங்கே சேற்றில் மாதக்கணக்கில் நிற்பவருக்கும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்குச் சுகாதாரத் திணைக்களமே கொடுக்கும் குளிசை அது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள் விஷயத்தில் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. குளிசையை நீங்களாக வாங்கி விநியோகிக்கக் கூடாது, எம்.ஓ.எச். வழியாகத்தான் எல்லாம் நடக்க வேண்டும்.

2. சேற்றில் நிற்பது யார் என்று பாருங்கள்

"விவசாயிகள்" என்று ஒரு சொல்லில் எல்லாரையும் கட்டிவிட்டால் வேலை அங்கேயே பிழைத்துவிடும். காணிக்காரர் கமக்கார அமைப்பில் அங்கத்தவர், கமநல சேவை நிலையத்தில் அவர் பெயர் இருக்கும், கூட்டத்துக்குக் கடிதமும் வரும். இன்று அவர் விதைக்க ஆள் பிடிப்பார், உழவுக்கு மெஷின் பிடிப்பார், வரம்பில் நின்று பார்ப்பார். வாய்க்கால் துப்பரவாக்குவதும் வரம்பு கட்டுவதும் களை பிடுங்குவதும் பெரும்பாலும் கூலிக்கு வருபவர்கள். அவர்களில் பெண்கள் நிறைய, குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்துபவர்கள் நிறைய, கலவரக் காலங்களில் மலையகத்தில் இருந்து வந்து குடியேறி இன்னும் வயற்காணி இல்லாமல் இருக்கும் குடும்பங்களும் நிறைய. இவர்கள் எந்தக் கமக்கார அமைப்பின் பட்டியலிலும் இல்லை. கமக்கார அமைப்பின் கூட்டத்தில் குளிசையைக் கொடுத்து முடித்துவிட்டு "இலக்குக் குழுவை அடைந்தோம்" என்று எழுதுவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு பிழை.

ஆகவே ஆட்களைப் பிரியுங்கள். என் பார்வையில் இந்த விஷயத்துக்கு மூன்று பிரிவு போதும்: சொந்தக் காணியில் தானே இறங்குபவர், கூலிக்கு இறங்கும் பெண்கள், மெஷின் ஓட்டும் மற்றும் வாய்க்கால் வேலைக்குப் போகும் இளம் ஆண்கள். காசும் ஆளும் குறைவென்றால் ஒன்றை மட்டும் எடுங்கள். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் அவர்களுக்கு இதுவரை ஒருவரும் நேரே சொன்னதில்லை. இனி வருவதெல்லாம் அவர்களை மனதில் வைத்துத்தான்.

3. எழுத முதல் கேளுங்கள்

போன போகத்தில் குளிசை எடுத்தவர்களும் இருப்பார்கள், கிடைத்தும் எடுக்காதவர்களும் இருப்பார்கள். இரண்டு பக்கத்தாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது மிகப் பயனுள்ள ஒரு வழி. இதை முறையாகச் செய்பவர்கள் வழக்கமாக 45 பேர், 45 பேர் என்று எடுப்பார்கள். உங்களால் அவ்வளவு முடியாவிட்டால் பக்கத்துக்குப் பதினைந்து பேரோடு தொடங்குங்கள், ஒன்றும் குடிமுழுகாது, ஆனால் முடிவைப் பெரிதாக்கிச் சொல்லாதீர்கள். எடுத்தால் என்ன நல்லது? என்ன கெட்டது? எடுக்கச் சுலபமாக இருந்தது எது, கஷ்டமாக இருந்தது எது? வீட்டில் யார் வேண்டாம் என்பார், யார் எடு என்பார்? கிழமை தவறாமல் ஞாபகம் வருமா? இரு பக்கமும் ஒரே பதில் வரும் இடத்தை விட்டுவிடுங்கள். "எலிக்காய்ச்சலில் செத்துப் போகலாம்" என்று இரண்டு பக்கத்தாரும் சொன்னால், அதை இன்னொரு தடவை போஸ்டரில் அடிப்பது வீண். எடுத்தவர்கள் "மிட்வைஃப் வீட்டை வந்து தந்தவ" என்றும் எடுக்காதவர்கள் "ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆர் போய் வாங்கிறது" என்றும் சொன்னால், உங்கள் பிரச்சினை அறிவு சம்பந்தப்பட்டதே இல்லை.

வாய்திறந்து சொல்லாத காரணங்களும் இருக்கும். ஒருநாள் எடுத்து வயிறு எரிந்ததால் விட்டவர் உண்டு. கள்ளுக் குடிக்கும் நாளில் எடுக்கலாமா என்று தெரியாமல், கேட்கவும் வெட்கப்பட்டு, பேசாமல் இருந்துவிட்டவர் இருக்கலாம். "உங்களுக்கு என்ன தடை?" என்று கேட்டால் இதெல்லாம் வராது. "இந்த ஊரில் குளிசையை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு எடுக்காத ஆட்கள் ஏன் அப்படிச் செய்யினம்?" என்று மற்றவரைப் பற்றிக் கேட்பதுபோல் கேளுங்கள், தன் கதையை மற்றவர் தலையில் வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

4. விலையையும் இடத்தையும் சரி செய்யுங்கள்

குளிசை இலவசம்தான், ஆனால் அதை வாங்க அரைநாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது, அலுவலக வாசலில் நின்று "நான் வயல் வேலைக்குப் போறனான்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் உண்மையான விலை. அதைக் குறைக்காமல் நல்ல போஸ்டர் அடித்தால், சனத்துக்கு எரிச்சல்தான் கூடும்.

கூலிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகும் குழுத்தலைவி ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். காலையில் எல்லாரும் லாண்ட்மாஸ்டருக்காகக் காத்து நிற்கும் சந்தி இருக்கும். பி.எச்.ஐ.யோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குடும்பநல உத்தியோகத்தரோ (மிட்வைஃப்) பெயர் பதிந்துகொண்டு அந்தச் சந்திக்கே வந்து கொடுக்க முடியுமா என்று எம்.ஓ.எச்.இடம் கேளுங்கள். ஆம் என்றால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. முடியாது என்றால் வேறு வழி பாருங்கள், ஆனால் இந்தப் பதில் கையில் வராமல் ஒரு வசனமும் எழுத வேண்டாம், ஏனென்றால் "எங்கே, எப்போது" என்பதுதான் செய்தியின் முக்கியமான வரியாகப் போகிறது.

5. மூன்று வித்தியாசமான வரைவுகள்

ஒரே செய்தியை மூன்று நிறத்தில் செய்வதை வரைவு என்று சொல்லக் கூடாது. காரணமே வேறாக இருக்க வேண்டும். ஒன்று உழைப்பைப் பிடித்து: காய்ச்சலில் படுத்தால் எத்தனை நாள் கூலி போகும், பிள்ளைகளை யார் பார்ப்பார். இன்னொன்று சுலபத்தைப் பிடித்து: ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு குளிசை, நிறையத் தண்ணி, அவ்வளவுதான். படுக்கப் போகும் நேரத்தில் விழுங்கினால் நெஞ்செரியும் என்பதால் மத்தியானம் நல்லது. மூன்றாவது ஊரைப் பிடித்து: எங்கள் குழுவில் எல்லாரும் எடுக்கிறோம். மருத்துவ விபரங்களைச் சோதனைக்குக் கொண்டுபோக முன்பே எம்.ஓ.எச். பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பிழையான தகவலை வைத்துச் சனத்திடம் சோதனை செய்தால் அந்தப் பிழையும் ஊருக்குள் போய்விடும்.

பயமுறுத்துவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பயம் வேலை செய்யும், ஆனால் பயத்தோடு சேர்த்து "இதோ செய்யக்கூடிய வழி, உன்னால் முடியும்" என்ற நம்பிக்கையும் கிடைத்தால் மட்டும். கிம் விட் என்ற ஆய்வாளர் 1992இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்தார்: வழி தெரியாமல் பயம் மட்டும் கூடினால், ஆள் நோயை விட்டுவிட்டுப் பயத்தைச் சமாளிக்கத் தொடங்கிவிடுவார், பார்க்காமல் திரும்புவார், "எனக்கு வராது" என்பார். வன்னியில் இது இரட்டிப்பு உண்மை. 2009ஐக் கடந்து வந்தவர்களை ஒரு எலிப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று நினைப்பது கொஞ்சம் அவமரியாதையும்கூட.

படம் கீறுபவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கொழும்பில் இருந்து வரும் வடிவமைப்பில் ஆபத்தைக் காட்ட மண்டையோடு போடுவது வழக்கம். சிவப்புப் பின்னணியில் மண்டையோடும் இரண்டு எலும்பும் என்றால் மீளக்குடியேறிய கிராமத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: மிதிவெடி. அந்தப் பலகைக்கு அப்பால் போகாதே என்று சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்து வளர்த்த சனம். அதே படத்தை வயல் வரம்பில் நட்டால் என்ன வாசிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

6. சோதனை

இதுதான் பலரும் தாண்டிப் போகும் இடம், அல்லது அலுவலகத்தில் நாலு பேருக்குக் காட்டி "எப்படி?" என்று கேட்டு முடித்துவிடும் இடம். அலுவலகத்தில் இருப்பவர் சோதனைக்கு ஆள் இல்லை. உங்கள் மனைவி, தங்கச்சி, வட்ஸ்அப் குழு நண்பர்களும் இல்லை. களை பிடுங்குபவருக்கான செய்தி என்றால் களை பிடுங்குபவர்தான் பார்க்க வேண்டும்.

யார் கேட்பது? பி.எச்.ஐ. கேட்கக் கூடாது. அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், நுளம்புக் குடம்பிக்கு வழக்குப் போடுபவர் கையில் தாளோடு வந்தால் தேத்தண்ணிக் கடைக்காரர் முதலில் கண்ணாடி அலுமாரியைத்தான் துடைப்பார். குடும்பநல உத்தியோகத்தரும் வேண்டாம், அவவின் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு மிஸ்" என்பார்கள். வெளியூர்ப் பெடியன், பிள்ளை, பல்கலைக்கழக மாணவர், அந்தக் குழுவோடு சம்பந்தமில்லாத தொண்டர், இப்படி ஒருவர் நல்லது. அவர் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "இதை நான் செய்யேல்லை, இன்னும் அடிக்கவும் இல்லை. பிழை பிடிச்சுத் தாறதுக்குத்தான் உங்களிட்டை வந்தனான். உங்களைச் சோதிக்கிறதுக்கு இல்லை." இதைச் சொல்லாவிட்டால் வாசிக்கத் தெரியாதவர் தலை குனிந்துகொண்டு ஓம் ஓம் என்பார். போரால் பள்ளிக்கூடம் குழம்பிய வயதினர் இங்கே நிறையப் பேர், வாசிக்கத் தெரியுமா என்று நேரே கேட்டு நோகடிக்காதீர்கள். தாளைக் கையில் கொடுத்து, கண் எங்கே போகிறது என்று பாருங்கள், படத்தில் தொடங்குகிறாரா எழுத்தில் தொடங்குகிறாரா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கே கேட்பது? வேலை நடக்கும் இடத்தில். பத்து மணித் தேத்தண்ணிக்கு வரம்பில் இருக்கும் நேரம் மிக நல்லது. ஆட்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஆறு முதல் எட்டுப் பேரைச் சேர்த்து வைத்துக் கதைக்கும் குழு உரையாடலும் ஒரு முறைதான், ஆனால் அது யோசனைகள் எடுக்க நல்லது. விளங்குகிறதா என்று பார்க்க உதவாது, ஏனென்றால் வாய் உள்ள ஒரு அக்கா முதல் பதில் சொன்னவுடன் மற்ற எல்லாருக்கும் அதே பதில்தான்.

ஒரு சோதனை எப்படிப் போகும் என்று எழுதியே காட்டுகிறேன். தாளைக் கொடுத்து, பார்த்து முடிந்ததும் திருப்பி வாங்கிவிட்டீர்கள். தாளில் "விவசாயிகளே! எலிக்காய்ச்சலில் இருந்து உங்களைப் பாதுகாக்க டொக்சிசைக்கிளின் எடுங்கள்" என்று இருக்கிறது, பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு ஐயா வயலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அதிலை என்ன சொல்லியிருக்கு அம்மா? உங்கடை சொல்லிலை சொல்லுங்கோ."

"எலிக்காய்ச்சல் வருதாம். குளிசை போடட்டாம்."

"ஆருக்குச் சொல்லியிருக்கு?"

"கமக்காரருக்கு."

"உங்களுக்கும் சேர்த்துத்தானே?"

"நாங்கள் கூலிக்கு வாறனாங்கள் தம்பி. காணி அவையளின்ரை."

"சரி, குளிசையை எப்ப போடச் சொல்லியிருக்கு?"

"காய்ச்சல் வந்தால்."

இரண்டு நிமிடம்தான். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரிகிறது, செய்தியும் ஞாபகம் இருக்கிறது, "பிடித்திருக்கிறதா" என்று கேட்டிருந்தால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் தனக்கு இல்லை என்று நினைக்கிறார், முற்காப்பை வைத்தியமாக எடுத்துக்கொள்கிறார். ஆயிரம் போஸ்டர் அடித்த பிறகு இது தெரிந்து என்ன பயன்?

கேள்விகள் இந்த ஓட்டத்தில் போகட்டும். முதலில், என்ன சொல்கிறது, சொந்தச் சொல்லில். பிறகு யாருக்கு. பிறகு, இதைப் பார்த்தால் நாளைக்கு என்ன செய்வீர்கள், எங்கே போவீர்கள், எந்த நாளில். பிறகு, செய்ய விடாமல் எது தடுக்கும். அப்புறம் மனதுக்குப் பிடிக்காதது, உறுத்துவது, ஊரில் யாரையாவது நோகடிக்குமா என்பது. கடைசியில்தான் படம், நிறம், எழுத்தின் அளவு. "விளங்கினதா?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், விளங்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் சனத்துக்கு மனம் வராது. மூன்று வரைவையும் காட்டுவதென்றால் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், இல்லாவிட்டால் முதலில் பார்த்தது எல்லாருக்கும் பழகிப்போய் அதுவே வெல்லும்.

காட்டும் பொருள், கடைசியில் சனம் பார்க்கப் போகும் அதே பொருளாக இருக்க வேண்டும். லப்டொப்பில் வடிவாகத் தெரியும் நிறப் படம், கிராம சேவகர் அலுவலக அறிவித்தல் பலகைக்குக் கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பியாகத்தான் போகும், எலி எது மண்கட்டி எது என்று தெரியாது. அதனால் போட்டோகொப்பியையே கொண்டுபோங்கள். குரல் பதிவு என்றால் ஹெட்போனில் கேட்க வைக்க வேண்டாம், கூலி ஆட்களிடம் இருக்கும் சாதாரண போனில், காற்றுக்கும் மெஷின் சத்தத்துக்கும் நடுவில் போட்டுக் காட்டுங்கள். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதென்றால் ஒரு ஒழுங்கைக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்னாலேயே நடந்து போய் படலைக்குப் படலை "என்ன சொல்லிக்கொண்டு போனது?" என்று கேளுங்கள். ஓட்டோ ஒரு வீட்டைத் தாண்ட எடுக்கும் நேரத்தில் ஒரு வசனம்தான் காதில் விழும். "மாண்புமிகு" என்று தொடங்கும் அறிவித்தலில் அந்த வசனமும் போய்விடும்.

எத்தனை பேர்? ஒரு பிரிவுக்கு எட்டுப் பத்துப் பேரைக் கேட்டாலே ஒரே பிழை திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். புதிதாக ஒன்றும் வராதபோது நிறுத்தித் திருத்துங்கள், திருத்தியதை வேறு பத்துப் பேருக்குக் காட்டுங்கள். ஒரே தடவையில் நாற்பது பேரைக் கேட்பதைவிட இப்படிச் சின்னச் சின்னச் சுற்றாகப் போவது எவ்வளவோ நல்லது. முடிந்தால் இரண்டு மூன்று பேரை அடுத்த நாள் திரும்பச் சந்தித்து என்ன ஞாபகம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

7. பதில்களை வாசிப்பது

ஒவ்வொரு பதிலையும் அந்தந்த வரைவின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள், எந்த வரியில் இடறுகிறார்கள் என்று பார்த்தவுடன் தெரியும். பிறகு இரண்டாகப் பிரியுங்கள். பச்சை பிடிக்கும், நீலம் பிடிக்காது என்பதெல்லாம் ருசி, பெரும்பாலும் விட்டுவிடலாம். பிழையாக விளங்கியது வேறு. அதிலும் உடம்புக்குக் கெடுதல் வரக்கூடிய பிழை என்றால் ஒரே ஒருவர் சொன்னாலும் திருத்தியே ஆக வேண்டும்: ஒருவர் தினமும் எடுப்பது என்று விளங்கிக்கொண்டால், ஒருவர் கூடவரும் சின்னப் பிள்ளைக்கும் பாதி கொடுக்கலாம் என்று நினைத்தால், "பத்தில் ஒருவர்தானே" என்று தாண்ட முடியாது. அதேநேரம் 12 பேரைக் கேட்டுவிட்டு "75 வீதமானோர் வரவேற்றனர்" என்று அறிக்கையில் எழுதாதீர்கள். அது கருத்துக்கணிப்பு இல்லை, ஓட்டையைத் தேடும் வேலை.

மேலே பார்த்த அம்மாவின் பதிலை வைத்து என்ன திருத்தலாம்? தொப்பி ஐயாவை எடுத்துவிட்டு, சேற்றுக் காலோடு வரம்பில் இருக்கும் பெண்கள் இருவரைப் போடலாம். "வயலுக்குள் இறங்குகிறவர் ஆராக இருந்தாலும்" என்று தொடங்கலாம். "காய்ச்சல் இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டும், வராமல் இருக்கத்தான் இது" என்று ஒரு வரி. நாள், நேரம், எண்ணிக்கை. கொடுக்கும் சந்தியின் பெயர், கொடுக்கும் ஆளின் பெயர். இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும்: குளிசை எடுத்திருந்தாலும் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் வேலை செய்ததை டொக்டரிடம் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க டொக்டருக்கு உதவும் தகவல் அது, கேட்காவிட்டாலும் சொல்லப் பழக்க வேண்டும்.

சேர்க்கச் சேர்க்கத் தாள் நிறைந்துவிடும். அப்போது மேலதிகாரி தன் படத்தையும் மூன்று இலச்சினைகளையும் போடச் சொல்வார். சோதனைத் தாள்களை அவர் முன்னால் வையுங்கள். "எனக்கு வேண்டாம்" என்று சொல்வதைவிட "சனம் இலச்சினையைப் பார்த்துவிட்டுக் கூட்ட அறிவித்தல் என்று திரும்பிவிடுது சேர்" என்பது எடுபடும், அப்படி உண்மையிலேயே ஆட்கள் சொல்லியிருந்தால்.

8. வெளியிட்ட பிறகு

நேரம் முக்கியம். மழை வந்து வெள்ளம் வடிந்த பிறகு போஸ்டர் ஒட்டினால் பிந்திவிட்டது. காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும் நாட்களில் உங்கள் வேலை முடிந்து கையில் இருக்க வேண்டும், அப்படியானால் கேட்கும் வேலையை ஆடி ஆவணியிலேயே தொடங்க வேண்டும்.

எத்தனை துண்டுப்பிரசுரம் கொடுத்தோம் என்று எண்ணுவதை விடுங்கள். சந்தியில் முதற்கிழமை எத்தனை பேர் பெயர் பதிந்து வாங்கினார்கள், மூன்றாம் கிழமை அவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், அவர்களில் கூலி ஆட்கள் எத்தனை பேர். பதிவுக் கொப்பியிலேயே இருக்கும் கணக்கு இது. மூன்றாம் கிழமை ஆள் குறைந்தால் ஏன் என்று அன்றே போய்க் கேளுங்கள், போக முடிவில் கேட்டால் கதை மாறிவிடும். பெரும்பாலும் யாருக்கோ வயிற்றைப் பிரட்டியிருக்கும், அந்தக் கதை வட்ஸ்அப்பில் மல்லாவியில் தொடங்கி விசுவமடு வரை போகும்போது "குளிசை போட்டு ஆள் ஆஸ்பத்திரியிலாம்" என்று ஆகியிருக்கும். அதற்கான பதிலை, வெறும் வயிற்றில் எடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து, எம்.ஓ.எச்.இன் குரலிலேயே ஒரு நிமிடத்துக்குக் குறைவாகப் பதிந்து முன்கூட்டியே வைத்திருங்கள். அந்தப் பதிவையும் வெளியிட முன் வரம்பில் இருக்கும் நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அப்புறம் கோப்பு. இங்கே உத்தியோகத்தர்கள் இடமாற்றத்தில் போய்க்கொண்டே இருப்பார்கள், புதிதாக வருபவர் திரும்ப அச்சகத்துக்குத்தான் போன் எடுப்பார். தோற்ற வரைவுகளையும் ஓரத்தில் எழுதிய பதில்களோடு அப்படியே ஒரு கோப்பில் போட்டு, எந்தப் பிரிவு ஆட்களிடம், எந்த மாதத்தில், எந்தக் கிராமத்தில் கேட்டது என்று முதல் பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியை எம்.ஓ.எச். அலுவலகத்திலும் இன்னொன்றைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் சுகாதாரக் கல்விப் பிரிவிலும் கொடுத்து வையுங்கள். ஆட்களின் பெயரும் போன் இலக்கமும் அதில் இருக்கக் கூடாது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாகும் கூட்டம் எப்போது என்றும் கமநல சேவை நிலையத்தில் இப்போதே கேட்டு வையுங்கள், தண்ணீர் திறக்கும் திகதி தெரிந்தால்தான் அடுத்த சுற்றுக்குக் குளிசை கேட்டுக் கடிதம் எழுதலாம்.